பூளைக்கு மோர்சிங், பனைக்கு ஆட்டுக்கல்: இரண்டு ரோபோக்களுக்கு ஒலி சேர்த்த அனுபவம்

கடந்த மார்ச் மாதம் என் அண்ணன் மகள் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். அனிமேஷன் பட்டப்படிப்பின் இறுதியாண்டுக்காக அவள் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் உருவாக்கிய குறும்படம் அதில் இருந்தது. ஓடும் நேரம் 3 நிமிடம் 40 விநாடி. மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன ஒரு நூற்பாலை. அதற்குள் சிதறிக் கிடக்கும் பஞ்சைப் பொறுக்கிக்கொண்டே திரியும், முழங்கால் உயரமுள்ள ரோபோ ஒன்று. கூரையை எட்டும் உயரத்தில் கைகள் தொங்க அசைவற்று நிற்கும் பழைய பாரந்தூக்கி ரோபோ ஒன்று. சிறியதற்குப் பூளை என்றும் பெரியதற்குப் பனை என்றும் பெயர் வைத்திருந்தாள். இரண்டுக்கும் வாய் இல்லை, புருவம் இல்லை, முகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பூளைக்கு வட்டமான ஒற்றைக் கண்ணாடி வில்லை உண்டு. பனைக்கு அதுவும் கிடையாது. பூளை பனையை எழுப்பப் பார்க்கிறது, முடியாமல் சோர்கிறது, கடைசியில் பனையின் விரல் ஒன்று அசைகிறது. உரையாடல் ஒரு சொல்கூட இல்லாத அந்தப் படத்துக்கு முழு ஒலியையும் நான் அமைத்துத் தர வேண்டும் என்று கேட்டாள்.

விளம்பரப் படங்களுக்கு ஒலிக்கலவை செய்வது என் தொழில். குரல் தெளிவாகக் கேட்க வேண்டும், இசை குரலை அமுக்கக் கூடாது என்பதே அங்கு பெரும்பாலும் வேலை. குரலே இல்லாத ஒரு பாத்திரத்துக்கு உள்ளத்தை ஒலியால் கொடுக்கும் பணி எனக்குப் புதியது. ஆறு வாரங்கள் எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு வாரங்களில் செய்ததையும், பழுதானதையும், திருத்தியதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் இரண்டு மாலைகளில் செய்ததை முழுவதுமாக அழித்துவிட்டேன். ரோபோ என்றவுடன் கை தானாகப் போகும் இடத்துக்கே என் கையும் போயிற்று. என் குரலில் சில முனகல்களைப் பதிந்து, அவற்றின்மேல் 30 ஹெர்ட்ஸில் ரிங் மாடுலேஷன், அதாவது ஓர் ஒலியை வேறோர் அலையோடு பெருக்கும் முறை, செலுத்தினேன். நடுநடுவே சின்தசைசரில் எடுத்த பீப் ஒலிகளைச் சுட்டியால் ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்கினேன். கேட்பதற்குக் குறையின்றி ரோபோ போலத்தான் இருந்தது. அண்ணன் மகள் ஒருமுறை பார்த்துவிட்டு, “சித்தப்பா, இதைக் கேட்டா பயமா இருக்கு. பாவமா இருக்கணும்,” என்றாள்.

அவள் சொன்னதில் ஒலியியல் உண்மை இருந்தது. ஒரு குரலை 30 ஹெர்ட்ஸ் அலையோடு பெருக்கும்போது அதில் உள்ள ஒவ்வோர் அதிர்வெண்ணும் இரண்டாகப் பிளக்கிறது. 200, 400, 600 என்று ஒழுங்கான மடங்குகளாக இருந்த குரல், 170, 230, 370, 430, 570, 630 என்று சிதறுகிறது. அடிச்சுருதி இன்னதென்று காது பற்றிக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை; மிஞ்சுவது ஒரு கரகரப்பு. மனித அலறலில் காணப்படும் வேகமான ஏற்ற இறக்கமும் விநாடிக்கு ஏறத்தாழ 30 முதல் 150 முறை என்ற அளவில்தான் இருக்கிறது என்பதால், அந்தக் கரகரப்பைக் கேட்டதும் நம் உடல் எச்சரிக்கை அடைகிறது. 1963இல் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் பிரையன் ஹாட்ஜ்சன், ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரில் வந்த டாலெக்குகள் என்ற இயந்திர உடல் கொண்ட பாத்திரங்களுக்கு இதே முறையில், ஏறத்தாழ இதே 30 ஹெர்ட்ஸில், குரல் அமைத்தார். அவை கொல்ல வரும் பாத்திரங்கள். அவற்றுக்கு அது பொருந்தியது. பஞ்சு பொறுக்கும் பூளைக்கு நான் கொலைகாரனின் தொண்டையைக் கொடுத்திருந்தேன்.

பீப் ஒலிகளின் குறை வேறு வகையானது. அவை அச்சமும் தரவில்லை, அன்பும் தரவில்லை. இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டியவர் திரைப்பட ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட். 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஆர்டூ-டீடூ என்னும் சிறு ரோபோவுக்கு ஒலி அமைக்கும்போது அவரும் இதே முட்டுச்சந்தில் நின்றார். மின்னணு ஒலிகளை மட்டும் வைத்து முயன்றபோது உயிர் வரவில்லை. பிறகு, அந்த ரோபோ எப்படி ஒலிக்க வேண்டும் என்று தாமும் இயக்குநரும் ஒருவருக்கொருவர் வாயாலேயே ஒலியெழுப்பி விளக்கிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். தேடிய நடிப்பு அந்த வாயொலியிலேயே இருந்தது. மழலை போன்ற தம் குரலையும் ஏஆர்பி 2600 என்ற சின்தசைசரின் ஒலியையும் கலந்து அந்தப் பாத்திரத்தை உருவாக்கினார். 2008இல் வந்த ‘வால்-ஈ’ படத்தில் இதை இன்னும் விரித்தார். வால்-ஈ மெதுவாக நகரும் ஒலிக்குக் கையால் சுற்றும் ஒரு மின்னாக்கியையும், வேகமாக ஓடும் ஒலிக்கு 1930களின் இரட்டை இறக்கை விமானத்தில் இருந்த தொடக்கச் சுழற்றியையும் பயன்படுத்தினார். அந்தப் படத்துக்காக அவர் சேர்த்த ஒலிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். அதே படத்தில் கப்பலை ஆளும் ஆட்டோ என்ற இயந்திரத்துக்கு மட்டும் கணினியே பேசும் மேக்-இன்-டாக் குரல் கொடுக்கப்பட்டது. இரக்கம் இல்லாத பாத்திரத்துக்கு மனித வாய் தேவைப்படவில்லை.

ஆகவே எனக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டேன். பூளையின் ஒலி எதையும் சுட்டியால் வரைவதில்லை. கையாலோ வாயாலோ, படத்தைப் பார்த்துக்கொண்டே, ஓடும் நேரத்திலேயே நிகழ்த்திப் பதிய வேண்டும். இந்த விதியை மீறிய இடங்கள் அனைத்தையும் பின்னர் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

குரலுக்கு முன்னால் உடலை எடுத்துக்கொண்டேன். படத்தின் பெரும்பகுதியில் பூளை ஏதோ ஒரு சக்கரத்தில் உருண்டுகொண்டே இருக்கிறது. அந்த உருளொலி பேசாவிட்டால் குரல் மட்டும் என்ன செய்துவிட முடியும்? கையால் சுற்றும் மின்னாக்கி என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது, பழைய சைக்கிளின் டயரில் உரசிச் சுழலும் 6 வோல்ட், 3 வாட் டைனமோ. அப்பாவின் சைக்கிள் இன்னும் பின்கட்டில் நிற்கிறது. அதைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை டயரோடு சாய்த்து, பெடலைக் கையால் சுற்றினேன். மெதுவாகச் சுற்றினால் ஒரு முனகல். வேகம் கூடக் கூட அதுவே மேலேறி மெல்லிய சீழ்க்கையாகிறது. காற்றில் வரும் ஒலியைவிட டைனமோவின் உடலுக்குள் இருக்கும் ஒலிதான் எனக்கு வேண்டியிருந்ததால், அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மில்லிமீட்டர் பீசோ வில்லை ஒன்றை அதன் உலோகக் கூட்டின்மேல் ஒட்டிப் பதிந்தேன்.

முதல் பதிவு தகர டப்பாவுக்குள் கொசு பறப்பதுபோல் இருந்தது. அடியொலி அறவே இல்லை. ஒலிச்சமன் கருவியில் கீழ்ப்பகுதியை எவ்வளவு தூக்கினாலும் இரைச்சல்தான் எழுந்ததே தவிர முனகல் வரவில்லை. குறை வில்லையில் இல்லை, அதைச் செருகிய இடத்தில்தான் இருந்தது. பீசோ வில்லை மின்சுற்றில் ஒரு சிறு மின்தேக்கிபோல் நடந்துகொள்கிறது. என்னிடம் இருந்தது ஏறத்தாழ 20 நானோஃபாரட். அதை 10 கிலோஓம் மின்மறுப்புள்ள லைன் உள்ளீட்டில் செருகினால், இரண்டும் சேர்ந்து 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் படிப்படியாக வெட்டும் வடிகட்டி ஆகிவிடுகின்றன. மைக் உள்ளீட்டின் மின்மறுப்பு இன்னும் குறைவு என்பதால் அதில் செருகினால் நிலைமை மேலும் மோசமாகும். அதே வில்லையை, கிடார் செருகுவதற்கென்று இருக்கும் 1 மெகாஓம் உள்ளீட்டுக்கு மாற்றியதும் வெட்டும் இடம் 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது; டைனமோவின் அடிவயிற்று முனகல் முழுமையாக வந்தது. கூடவே 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரமும் வந்தது. வில்லையின் பின்புறத்தில் காப்பு நாடா ஒட்டி, அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, தாளைக் கம்பியின் தரைமுனையோடு இணைத்து, மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டியபோது அது அடங்கியது. இதைச் செய்ய விரும்புவோர்க்கு ஒரு சொல்: வில்லையில் கம்பியைப் பற்றவைக்கும்போது சூட்டுக்கோலை ஓரிரு விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம். அதிக வெப்பம் பட்டால் வில்லை தன் மின்தன்மையை இழக்கும். எனக்கு அப்படி இரண்டு வில்லைகள் வீணாயின.

சீரான ஒலி வேண்டும் என்று எண்ணி ஒருமுறை பெடலைத் துளையிடும் மின்கருவியால் சுற்றிப் பதிந்தேன். தொழில்நுட்ப அளவில் மிகச் சுத்தமான பதிவு அது. படத்தோடு வைத்துப் பார்த்தால் பூளை வெறும் பொருளாகிவிட்டது. கையால் சுற்றும்போது ஒவ்வொரு தள்ளலுக்கும் சுருதி சிறிது ஏறி, தள்ளல் முடியும் இடத்தில் சிறிது தளர்கிறது. தூக்கிச் சுமந்து நடப்பவனின் மூச்சைப் போன்ற அந்தத் தளர்வுதான் ‘இதற்கு உழைப்பு இருக்கிறது’ என்று காதுக்குச் சொல்கிறது. மோட்டாரின் சீர்மை அதைத் துடைத்துவிட்டது.

டைனமோவிடம் நான் எதிர்பாராத இன்னொரு கொடையும் இருந்தது. விளக்கை இணைக்காதபோது சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது, ஒலி வழவழப்பாக இருக்கிறது. விளக்கை இணைத்தால் மின்னோட்டம் பாய்வதால் டைனமோ சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது. அதே வேகத்துக்குக் கை இன்னும் அழுத்த வேண்டியிருக்கிறது. ஒலியில் ஒரு நடுக்கமும் சொரசொரப்பும் ஏறுகின்றன. விட்ட கணத்தில் விரைவில் நின்றுவிடுகிறது. பூளை ஊக்கமாக இருக்கும் காட்சிகள் அனைத்தையும் விளக்கில்லாமலும், பனையை எழுப்ப முடியாமல் திரும்பும் காட்சிகளை விளக்கோடும் பதிந்தேன். பார்ப்பவர் யாருக்கும் விளக்கு இருப்பது தெரியப் போவதில்லை. ஆனால் பாரம் ஏறியிருப்பது தெரிகிறது.

அடுத்து குரல். இங்குதான் மிக நீண்ட நேரம் நின்றேன். உலோகமாகவும் இருக்க வேண்டும், வாயாகவும் இருக்க வேண்டும் என்பது தேவை. வோக்கோடர், டாக்பாக்ஸ் என்று, பேச்சின் வடிவத்தை வேறோர் ஒலிக்கு ஏற்றும் மென்பொருள்களில் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, அலமாரியில் கிடந்த மோர்சிங் கண்ணில் பட்டது. கச்சேரியில் மிருதங்கத்தோடு பக்கவாத்தியமாக ஒலிக்கும் அந்தச் சிறு இரும்பு வளையம் நான் தேடியதையே பல நூற்றாண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது. நடுவில் உள்ள நாக்குத் தகடு ஒரே சுருதியில் அதிர்கிறது. அதன் மேல்மடங்குகளில் எது ஓங்க வேண்டும் என்பதை வாசிப்பவரின் வாய்க்குழி தீர்மானிக்கிறது. நாம் ‘ஈ’ என்னும்போது வாய்க்குழியின் ஒத்ததிர்வுகள் ஆண் குரலில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸிலும் 2,300 ஹெர்ட்ஸிலும் நிற்கின்றன. ‘ஊ’ என்னும்போது மேலேயுள்ளது 900 அருகே இறங்கிவிடுகிறது. மோர்சிங்கைப் பற்களில் வைத்துக்கொண்டு வாயை ‘ஊ’விலிருந்து ‘ஈ’க்குக் கொண்டுபோனால் இரும்பே ‘ஊ-ஈ’ என்கிறது. தொண்டை ஒலிக்கவே வேண்டியதில்லை.

ஆனால் ஒரு பெரிய இடர் இருந்தது. என்னிடம் உள்ள மோர்சிங்கின் அடிச்சுருதி 98 ஹெர்ட்ஸ்; அது மாறவே மாறாது. உணர்ச்சியோ சுருதியின் ஏற்ற இறக்கத்தில்தான் பெரும்பாலும் வாழ்கிறது. தாழ்ந்து கரகரக்கும் ஒலி பகைமையையும், உயர்ந்து தெளிவாக இருக்கும் ஒலி அச்சத்தையும் பணிவையும் குறிப்பதாக, பறவைகளிலும் பாலூட்டிகளிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதை யூஜீன் மார்ட்டன் என்ற விலங்கியலாளர் 1977இல் எழுதினார். நாம் கேள்வி கேட்கையில் குரலை உயர்த்துவதையும் உறுதியாகச் சொல்லும்போது தாழ்த்துவதையும் பின்னர் ஜான் ஓஹாலா என்ற ஒலியியலாளர் இதே வழியில் விளக்கினார். ஒரே சுருதியில் நிற்கும் மோர்சிங்கால் கேள்வி கேட்க முடியாது.

ஆகையால் பியூர் டேட்டா என்ற இலவச மென்பொருளில் ஒரு சிறு அமைப்பைக் கட்டினேன். பதிந்த மோர்சிங் ஒலியை அது திரும்ப ஓட்டும். ஓடும் வேகத்தை, கணினியோடு இணைத்த ஒரு மிடி கட்டுப்பாட்டுக் குமிழால் நான் மாற்றலாம். நடுநிலை வேகத்தை ஒன்றரை மடங்காக வைத்தேன். அதனால் அடிச்சுருதி 147 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. வாய்க்குழியின் ஒத்ததிர்வுகளும் அதே அளவு ஏறியதால் வாய் சுருங்கி ஒரு குழந்தையின் வாயாயிற்று. குமிழைத் திருப்பும்போது முதலில் படிப்படியாகக் கிறீச்சிட்டது. குமிழுக்கு 128 நிலைகளே உண்டு. ஒரு ஸ்தாயி முழுவதையும் அதில் அடைத்தால் ஒவ்வொரு நிலைக்கும் அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு தாவல் விழுகிறது. ஒவ்வொரு தாவலையும் 30 மில்லிவிநாடியில் வழுக்கிச் செல்லும்படி அமைத்ததும் அது மறைந்து, பாடகர்கள் ஜாரு என்று சொல்லும் வழுக்கல் கிடைத்தது. இடது கையில் குமிழ், வலப்புறத்தில் படம். பூளை தலையைச் சாய்க்கும் இடத்தில் என் கையும் சாய்ந்தது.

எதை வாசிப்பது என்ற கேள்விக்கு விடை நம் பேச்சிலேயே இருந்தது. சொல்லே இல்லாமல் நாம் எத்தனை பேசுகிறோம்! ஒப்புதலுக்கு ஒரு ‘ம்ம்’, மறுப்புக்கு ‘ம்ஹூம்’, என்னவென்று கேட்க மேலேறும் ‘ஊம்?’, நினைவு வந்ததும் ‘ஆங்’, இரக்கப்படும்போது நாவை மேலண்ணத்தில் ஒட்டி இழுக்கும் ‘உச்சு’. இவை ஒவ்வொன்றையும் முதலில் என் குரலில் சொல்லிப் பார்த்து, அதே வாயசைவில் மோர்சிங்கை வாசித்து, அதே ஏற்ற இறக்கத்தைக் குமிழில் கொடுத்தேன். ‘ம்ஹூம்’தான் கடினமாக இருந்தது. நடுவில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். மோர்சிங்கில் அதை மூச்சை நிறுத்தி விட்டுத்தான் காட்ட முடிந்தது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாகச் சொல்கிறது. அந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதிவுகள் எடுத்தேன். இது பயிற்சிக்காகவே, படத்தில் எட்டும் வரவில்லை.

அந்தப் பதிவுகளைப் படமில்லாமல் என் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். எதையும் விளக்கவில்லை. அழுகையையும் அச்சத்தையும் உவகையையும் உடனே சொல்லிவிட்டார். வெகுளி என்று நான் பதிந்ததைக் கேட்டு, “இது கோவம் இல்ல, சலிச்சுக்கிறது,” என்றார். மீண்டும் கேட்டபோது அவர் சொன்னதே சரி. சுருதியைத் தாழ்த்தியிருந்தேன், ஆனால் ஒலி மெல்லத் தொடங்கி மெல்ல முடிந்தது. சினம் வெட்டித் தொடங்க வேண்டும். தகட்டை இன்னும் கடுமையாகத் தட்டி, தொடக்கத்திலேயே உச்சத்துக்கு வரும்படி பதிந்ததைச் சினம் என்று ஏற்றுக்கொண்டார். இளிவரலையும் பெருமிதத்தையும் கடைசிவரை அவரால் பிரித்தறிய முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அந்த இரண்டுக்கும் உடலின் நிலை தேவைப்படுகிறது, ஒலி மட்டும் போதாது என்று எண்ணுகிறேன்.

மோர்சிங் பதிவுகளில் மூச்சுக் காற்றின் ஓசை நிறைய இருந்தது. தொழில்பழக்கத்தால் இரைச்சல் நீக்கியைப் போட்டு அதைச் சுத்தம் செய்தேன். மறுநாள் காலையில் கேட்டபோது பூளை செத்திருந்தது. நுரையீரல் இல்லாத ஒரு ரோபோவுக்கு மூச்சு ஏன் என்று அறிவு கேட்கும். காது அப்படிக் கேட்பதில்லை. பேசுவதற்கு முன் உள்ளிழுக்கும் மூச்சைக் கேட்டவுடன், யாரோ ஒருவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று காது காத்திருக்கத் தொடங்குகிறது. சுத்தம் செய்த கோப்புகளை நீக்கிவிட்டு மூலப் பதிவுகளுக்குத் திரும்பினேன். அதன்பின் மூச்சை ஒரு வாத்தியமாகவே நடத்தினேன். பூளை பேச நினைத்துப் பேசாமல் விடும் ஓரிடத்தில் வெறும் மூச்சு மட்டுமே இருக்கிறது.

இனி நேரம். படம் விநாடிக்கு 24 ஃபிரேம். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 48,000 மாதிரிகள். ஆகவே ஒரு ஃபிரேமுக்கு 2,000 மாதிரிகள், ஏறத்தாழ 42 மில்லிவிநாடி. ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்றின்படி, ஒலி படத்தைவிட 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுகிறார். பிந்தினால் 125 மில்லிவிநாடி வரை உணர்வதில்லை. இடி மின்னலுக்குப் பிறகு வருவதைக் கேட்டு வளர்ந்த காது அது. மோதல், விழுதல், தட்டுதல் போன்ற ஒலிகளுக்கு இந்த வரம்பைக் கண்டிப்பாகப் பின்பற்றினேன். ஆனால் பூளையின் மோட்டார் ஒலிக்கு வேண்டுமென்றே இதை மீறினேன். பூளை பனையை நோக்கித் திரும்பும் காட்சியில், கண் அசைவதற்கு 5 ஃபிரேம்களுக்கு முன்பே டைனமோ முனகத் தொடங்குகிறது. அது தவறாகத் தெரியவில்லை. அசைவதற்கு முன் ஒரு முடிவு எடுக்கப்பட்டதாகத் தெரிகிறது. விளைவின் ஒலி முந்தக் கூடாது; எண்ணத்தின் ஒலி முந்தலாம். இதைக் கண்டுகொண்ட பிறகு, பூளை தயங்கும் இடங்களில் முனகலை முன்னதாகத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கி, அதன் பிறகே அசையவிட்டேன்.

ஒரு காட்சியைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பூளை பனையின் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறது. கண்ணாடி வில்லையில் எந்த மாற்றமும் இல்லை, கேமராவும் அசையவில்லை. இதே காட்சிக்கு மூன்று ஒலிகளை அமைத்து அண்ணன் மகளுக்குக் காட்டினேன். மேலேறும் ‘ஊம்?’ வைத்தபோது பூளை பதிலுக்குக் காத்திருந்தது. ‘உச்சு’ வைத்தபோது பனைக்காக இரங்கியது. குரலின்றி விளக்கோடு பதிந்த டைனமோ தளர்ந்து நிற்கும் ஒலியை மட்டும் வைத்தபோது, வெகுதூரம் நடந்து களைத்து நின்றது. “நான் கண்ணுல எதுவுமே செய்யலையே சித்தப்பா!” என்று மூன்றாம் முறை போடச் சொன்னாள். முகம் வரையப்படாததே நல்லதாயிற்று. புருவம் இருந்திருந்தால் அது ஒன்றைச் சொல்லி மற்ற இரண்டை மறுத்திருக்கும்.

நாங்கள் ‘ஊம்?’ என்பதைத் தேர்ந்தோம். அதன்பின் பதிலில்லாத ஓர் இடைவெளி, 62 ஃபிரேம். அதை நிரப்பும் ஆசையில் காற்றின் ஊளை, தூரத்துப் புறா, சொட்டும் நீர் என்று பலவற்றை வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எடுக்க எடுக்கக் காட்சி கனத்தது. முற்றிலும் ஒலியற்றதாக்கினால் மட்டும் ஒலிக்கோப்பு பழுதடைந்ததுபோல் தோன்றியது. ஆகையால் பெரிய கூடத்தின் வெறும் காற்றை மிகத் தாழ்வாக விட்டுவைத்து மற்றதெல்லாம் நீக்கினோம். பிறகு அவளே அந்தக் காட்சியை 84 ஃபிரேமுக்கு, அதாவது மூன்றரை விநாடிக்கு, நீட்டி மறுபடியும் ரெண்டர் செய்துகொண்டு வந்தாள்.

பனைக்குக் குரல் கொடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். உடல் மட்டும். எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லின் குழவியைக் குழிக்குள் மிக மெதுவாகத் திருப்பி, கல்லின் பக்கவாட்டில் பீசோ வில்லையை மெழுகால் ஒட்டிப் பதிந்தேன். கால்பங்கு வேகத்துக்குக் குறைத்தால் கல் மலையாகிறது. ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததைக் கால் வேகத்தில் ஓட்டினால், பதிவின் உச்சமான (மாதிரி எண்ணிக்கையில் பாதி) 24 கிலோஹெர்ட்ஸ் 6 கிலோஹெர்ட்ஸாக இறங்கிவிடும். போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கிவிடும். 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தபோது, நம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருந்த கல்லின் நறநறப்பு 12 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கி வந்து மேற்பரப்பின் சொரசொரப்பாக ஒலித்தது. கல் அரைபடும் ஒவ்வொரு துகளும் தெரிந்தது.

ஒலிப்பெருக்கியில் அது நெஞ்சை அழுத்தியது. கைபேசியில் போட்டால் பனை காணாமல் போயிற்று. ஏறத்தாழ 55 ஹெர்ட்ஸில் இருந்த அதன் அடியொலியைக் கைபேசியின் சிறு ஒலிப்பெருக்கியால் எழுப்பவே முடியாது; அவளுடைய நண்பர்கள் பெரும்பாலும் கைபேசியில்தான் பார்ப்பார்கள். மென்மையான ஒரு சிதைவுக் கருவியைச் செருகி மேல்மடங்குகளை உண்டாக்கினேன். 330, 385, 440 என்று சீரான இடைவெளியில் மடங்குகள் கேட்டால், அங்கே இல்லாத 55ஐ மூளையே நிரப்பிக்கொள்கிறது. அளவு கூடினால் கல் தகரமாகிவிடும் என்பதால் மூன்று கைபேசிகளில் மாற்றி மாற்றிக் கேட்டு நிறுத்தினேன்.

கடைசிக் காட்சி மட்டும் ஐந்தாவது வாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. பனையின் விரல் அசைகிறது, பூளை திரும்பிப் பார்க்கிறது, படம் முடிகிறது. உவகைக்கென்று பதிந்த மோர்சிங் ஒலிகள் அத்தனையையும் அங்கே வைத்துப் பார்த்தேன். எல்லாமே கொஞ்சம் பொய்யாக இருந்தன. இவ்வளவு நேரம் காத்திருந்த ஒருவர் அந்தக் கணத்தில் பேசுவாரா என்ற ஐயம் தீரவே இல்லை. அண்ணன் மகளிடம் சொன்னேன். “அப்ப பேச வேண்டாம்,” என்றாள்.

அன்றிரவு இரண்டு மணிக்கு, தெருவில் வண்டிகள் ஓய்ந்த பிறகு, பின்கட்டில் சைக்கிளை மறுபடி தலைகீழாக நிறுத்தினேன். படத்தின் கடைசி 40 விநாடிகளில் பூளை விளக்கின் பாரத்தோடுதான் உருண்டுகொண்டிருக்கிறது. பனையின் விரலில் கல் ஒருமுறை நறநறத்து நிற்கும் ஃபிரேமில், சுழன்றுகொண்டிருக்கும் டைனமோவிலிருந்து விளக்கின் கம்பியைப் பிடுங்கினேன். சொரசொரப்பு ஒரு நொடியில் விலகி, சக்கரம் தானாகவே சற்று வேகம் பிடித்ததுபோல் ஒலி வழவழப்பாயிற்று. பெடலிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சக்கரம் தன் போக்கில் சுழன்று, முனகல் சிறிது சிறிதாகக் கீழிறங்கி, ஒன்பது விநாடிக்குப் பின் நின்றது. ஒரே முறைதான் பதிந்தேன். அந்த ஒலி எங்கும் வெட்டப்படவில்லை. படம் முடிந்து திரை கறுத்த பின்னும் 40 ஃபிரேம் வரை அது ஓடிக்கொண்டிருக்கிறது.